செண்பகம் வீட்டு வாசலில் இரண்டு வண்டிகள்

துறைமுகச் சாலையில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கும் செண்பகத்திடம் உப்பு லாரிக்காரர்கள் வாய் கொடுக்க மாட்டார்கள். கயிறு வாங்கினோமா, கிளம்பினோமா என்று போய்விடுவார்கள். அவளுக்குப் பிடிக்காதவை ஏராளம். அதில் முதலிடம் தம்பி முத்துக்குமரனின் புல்லட்டுக்கு. அடுத்த இடம் அந்த புல்லட்டால் வந்த சிநேகிதர்களுக்கு.

தம்பி துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். வருஷம் முழுக்க லீவை மிச்சம் பிடிப்பான். பிறகு அவள் கடையிலிருந்தே நைலான் கயிறு எடுத்து மூட்டையைக் கட்டிக்கொண்டு இமயமலை, கட்ச் என்று கிளம்பிவிடுவான். கூட வருவது அஸ்ஸாம் ஜோர்ஹாட்டில் மெக்கானிக்காக இருக்கும் பரூவாவும், நாக்பூரில் பேங்க் வேலை பார்க்கும் வைசாலியும்.

"ஊர்ல ஒனக்கு ஆளே கெடைக்கலையாலே?" என்பாள். அவன் சிரிப்பான். சிரித்தால் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். மகள் செல்வராணியின் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு, "அவசரமா ஒரு ரைடு போகணும்க்கா" என்று போனில் ஒரே வரி சொல்லிவிட்டுப் போனானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்றினார்கள். சம்பந்தி வீட்டார் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். அன்றோடு தம்பியிடம் பேச்சை நிறுத்தினாள். அவன் திரும்பி வந்து வாசலில் நின்று கூப்பிட்டபோதும் கதவைத் திறக்கவில்லை.

ஆடி பிறப்பதற்குள், கிரேனிலிருந்து இறங்கியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பைக் ஓட்டியதற்கும் மாரடைப்புக்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். செண்பகம் டாக்டரையும் திட்டினாள். பேசாமல் இருந்த நேரத்தில் தம்பி செத்துப்போனதை அவளால் தாங்க முடியவில்லை. பழியை யார் தலையிலாவது போட்டாக வேண்டியிருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே தலைகள் வந்து மாட்டின. பரூவாவும் வைசாலியும் ஆளுக்கொரு பைக்கில், புழுதியும் வேர்வையுமாக வந்து இறங்கினார்கள். வைசாலி பந்தலில் வெறுந்தரையில் உட்கார்ந்து அழுதாள். சொந்தக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கக்கூட செண்பகம் யாரிடமும் சொல்லவில்லை. புறப்படும்போது வைசாலி கைகூப்பி, முத்துக்குமரன் கற்றுக்கொடுத்திருந்த தூத்துக்குடித் தமிழில் சொன்னாள்.

"போயிட்டு வாரோம்க்கா."

பந்தலில் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. சாவு விழுந்த துட்டி வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். மறுபடி வருவேன் என்று சொல்ல அது என்ன கல்யாண வீடா?

"இன்னொரு சாவு விழணுமாளா ஒனக்கு? வெளிய போ. இனி இந்தத் தெருவுல ஒன் வண்டிச் சத்தம் கேக்கப்பிடாது" என்றாள் செண்பகம்.

பரூவா சென்னையில் மூன்று வருஷம் வேலை பார்த்தவன். அவனுக்குப் புரிந்துவிட்டது. வைசாலியின் தோளைத் தொட்டு அழைத்துப் போனான்.

புல்லட்டைப் பழைய இரும்புக்குப் போடப்போவதாக செண்பகம் தினமும் சொன்னாள். சொல்லிக்கொண்டே கடையில் இருந்ததிலேயே உசத்தியான தார்ப்பாயை எடுத்து அதன்மேல் போர்த்தினாள். செல்வராணி கல்யாணமாகி மஸ்கட்டுக்குப் போனாள். பதினாறு வரை வீட்டை நிறைத்திருந்த சொந்தங்களில் ஒன்றுகூட அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை.

மறுவருஷம் அதே வண்டிச் சத்தம் வாசலில் வந்து நின்றது.

"வெரட்டுனது போதாதா? ஏன் வந்திய?"

"திரும்பி வரேன்னு சொன்னோம் இல்லக்கா, அதான் வந்தோம்" என்றான் பரூவா.

வெயிலிலேயே நிற்கட்டும் என்று கதவைச் சாத்தப்போனவளின் கண்ணில் வைசாலியின் வண்டி பட்டது. மூட்டையைக் கட்டியிருந்தது அவள் கடை நீலக் கயிறு.

"அந்தக் கயிறு எப்படி ஒங்கிட்ட வந்துது?"

பரூவாதான் பதில் சொன்னான். "அண்ணன் விட்டுட்டுப் போனது. போன வருஷம், உங்க பொண்ணு நிச்சயம் அப்போ. வைசாலி பையன் காய்ச்சல்ல செத்துட்டான். ஒரே பையன். அண்ணன் தனியா வண்டி ஓட்டிட்டு நாக்பூர் வந்தார். எல்லா காரியமும் முடியற வரைக்கும் அவங்க வீட்லதான் இருந்தார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"நிச்சய வீட்ல சாவு சேதி சொல்லக்கூடாதுன்னார். ஊருக்குப் போய் நேர்ல சொன்னா அக்கா புரிஞ்சுக்கும்னார்."

அதைச் சொல்லத்தான் தம்பி அன்று வாசலில் வந்து நின்றிருக்கிறான். செண்பகத்துக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. சொல்லாமல் போனவன்மேலும், கதவைத் திறக்காத தன்மேலும் ஒரே அளவுக்கு வந்தது.

"வெயில்ல நின்னு யாருக்குக் காட்சி குடுக்கிய? உள்ள வாங்க" என்று அதட்டினாள்.

சோறும் சாளைக் குழம்பும் போட்டாள். வைசாலி மீன் தொடமாட்டாள் என்று தெரிந்ததும் அதற்கும் திட்டிவிட்டு, ரசம் வைத்து அப்பளம் பொரித்தாள். பரிமாறும்போது பையன் பெயரைக் கேட்டாள். தன்மய் என்றாள் வைசாலி. வாயில் நுழையாத அந்தப் பெயரை செண்பகம் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் இருவரும் எழுந்தார்கள். போன தடவை பட்டதை அவர்கள் மறக்கவில்லை. பரூவா கண்ணைக் காட்ட, வைசாலி குனிந்த தலை நிமிராமல், வாயே திறக்காமல் படியிறங்கினாள். வண்டியில் ஏறி ஹெல்மெட்டை மாட்டினாள்.

செண்பகம் தெருவுக்கே வந்துவிட்டாள்.

"ஏளா, நில்லு. சொல்லாம கொள்ளாம போறியே, இதென்ன துட்டி வீடா?"