பெரியப்பாவின் பாட்டு டீச்சர்

பெரியப்பாவுக்கு வாய் போய்விட்டது என்று கேள்விப்பட்ட அன்று நான் பாயசம் வைத்தேன். சேமியா பாயசம், முந்திரி தாராளமாகப் போட்டு. அம்மா பாதி டம்ளர் குடித்துவிட்டு, "என்னட்டி விசேஷம்?" என்றாள். சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"பக்கவாதம் எதிரிக்கும் வரப்பிடாதுட்டி."

அவள் வைத்த மிச்சத்தையும் நானே குடித்தேன். என்னை ராட்சசி என்று நினைப்பவர்கள் முழுக்கதையையும் கேட்டுவிட்டு நினைக்கட்டும்.

அப்பா விபத்தில் இறந்தபோது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். தென்காசியில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. அப்பாவின் அண்ணன் வைத்ததுதான் அங்கே சட்டம். அம்மா இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். சமைக்கும்போது, துணி துவைக்கும்போது, எனக்குச் சடை பின்னும்போதெல்லாம் பாடிக்கொண்டே இருப்பாள். பாட்டு நின்றால் ஏதோ கோபம் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் காரியங்கள் எல்லாம் முடிந்து பள்ளிக்கூடம் கிளம்பிய முதல் நாள், பழக்க தோஷத்தில் அடுப்படியில் எதையோ முணுமுணுத்தாள். பெரியப்பா முற்றத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார். தம்பி பெண்டாட்டியோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அடுப்படி நாலு எட்டில் இருந்தாலும் சேதி பிள்ளைகள் வழியாகத்தான் போகும்.

"ஏட்டி, உங்கம்மட்ட சொல்லு. இந்த வீட்டுல பாட்டுச் சத்தம் கேக்கப்பிடாது. தாலியறுத்தவ பாடுனா ஊரு காறித் துப்பும்."

நான் போய்ச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மனப்பாடத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே, "சரின்னு சொல்லு" என்றாள். அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அன்று சாயந்திரம் சுருதிப்பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தாள். எங்களுக்குப் பின்கட்டில் ஒரு அறை, போக வரப் பின்வாசல். வெளியே போய்விடலாம் என்று நான் அழுதிருக்கிறேன். "ஒன் படிப்பு முடியட்டும்" என்பாள். தனியார் பள்ளிக்கூடத்துச் சம்பளம் ஊறுகாய்க்குக் காணாது. என்னைப் படிக்கவைப்பதற்காகத்தான் அவள் வாயைக் கட்டிக்கொண்டாள். இது பெரியப்பா கணக்கில்தான் ஏறும், என் கணக்கில் அல்ல என்று சின்ன வயதிலேயே தீர்த்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் அவள் பாடியதெல்லாம் பிள்ளைகளுக்குத் தக்கபடி, கடவுள் வாழ்த்தும் ஆண்டு விழாப் பாட்டும். அவளுடைய சொந்தப் பாட்டுக்கு ஒரு இடம் கண்டுபிடித்தாள். சாரல் தொடங்கிவிட்டால் என்னைக் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போவாள். பேரருவியில் பெண்கள் பக்கம், தண்ணீர் கனமாக விழும் இடத்துக்கு நேர் கீழே போய் நின்று முழுக்குரலில் பாடுவாள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவளுக்குக்கூடக் கேட்காது. குளிரில் வாய் நடுங்குகிறது என்று நினைத்து, "போதும்க்கா, வெளிய வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தவர்கள் உண்டு. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்ப்பேன். கழுத்து நரம்பு புடைத்து நிற்கும். என்ன பாடினாள், எப்படிப் பாடினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாடே வந்து குளித்துவிட்டு முறுக்கும் பலாச்சுளையும் வாங்கிப் போகிற அந்த ஊரை எனக்குப் பிடிக்காமல் போனது அதனால்தான். சீசன் முடிந்து அருவி நூலாகிவிட்டால் அம்மா வாயை மூடிக்கொள்வாள்.

எனக்குக் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்த மாதமே இலஞ்சியில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டேன். அங்கே அவள் பாடினாள்தான். ஆனால் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பாடினாள். யாரும் சொல்லாமலே சாத்தினாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றி எரியும். கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா வாங்குகிற ஆட்களைப் பார்த்துப் பழகியவள் நான். என் வழக்கும் ஒருநாள் விசாரணைக்கு வரும் என்று காத்திருந்தேன்.

அப்போதுதான் பக்கவாதம். வலது கை கால் விழுந்துவிட்டது. எல்லாம் விளங்குகிறது, வார்த்தைதான் வரவில்லை. ஒரு மாதம் கழித்துப் பெரியப்பாவின் மகன் எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"சித்தி, திருநெல்வேலில பேச்சுப் பயிற்சி குடுக்குற டாக்டரம்மா ஒண்ணு சொல்லுதாவ. பேசுற எடம் கெட்டுப்போனாலும் பாடுற எடம் தப்பிச்சிருக்குமாம். ஒவ்வொரு பேச்சையும் ராகம் போட்டு, எடது கையில தட்டித் தட்டிச் சொல்லிக்குடுக்கணுமாம். வீட்டுல பாடத் தெரிஞ்சவுக யாராச்சும் இருக்காவளான்னு கேட்டாவ."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "இருந்தாவல்லா, அடக்கம் பண்ணிட்டீயளே" என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவனிடம், "நாளைக்கு வாரேன்" என்றாள். பாம்புக்குப் பால் வார்க்கப் போகிறாள் என்று நான் கத்தியதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து சுருதிப்பெட்டியை எடுத்தாள். கூடவே, பள்ளிக்கூடத்தில் தாளம் தட்டுகிற மர அடிஸ்கேலையும்.

வேடிக்கை பார்க்க நானும் போனேன். இந்தத் தடவை முன்வாசல் வழியாகப் போனோம். பெரியப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். தம்பி மனைவியின் கைபடக் கூடாதாகையால் அடிஸ்கேலால் அவர் இடது கையில் தட்டினாள். "தண்ணி வேணும்" என்று மோகனத்தில் பாடினாள். ஐந்தே சுரம், சின்னப் பிள்ளைகளுக்கே வரும். பெரியப்பா திக்கித் திணறி இழுத்தார். அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"சுருதி சேரல. இன்னொரு தடவ."

தொண்டை காய்ந்த மனிதர் மூன்றாம் முறை பாடியபிறகுதான் டம்ளர் கைமாறியது. என் வயிறு குளிர்ந்தது. பாலில் விஷம் கலக்கத் தெரியாதவள் என்று அம்மாவை இத்தனை வருஷம் தப்பாக நினைத்திருந்தேன்.

பசிக்குது, வலிக்குது, விளக்கைப் போடு என்று ஒவ்வொன்றாக ஏறியது. தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு சனிக்கிழமை அம்மா, "இன்னைக்குப் பெரிய வரி" என்றாள். சுருதியைப் போட்டாள். நிதானமாகப் பாடினாள்.

"இந்த வீட்டுல பாட்டுச் சத்தம் கேக்கப்பிடாது."

பெரியப்பாவின் முகம் கறுத்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"புதுசு ஒண்ணுமில்ல பெரியத்தான். உங்க வரிதான்" என்றாள் அம்மா. அவரை உறவு சொல்லி அவள் நேராகக் கூப்பிட்டதை அன்றுதான் கேட்டேன். இது வராமல் அடுத்த பாடம் கிடையாது என்றும் சொல்லிவிட்டாள். தினமும் போனாள். தினமும் அதே வரி. மகன் கெஞ்சினான், மருமகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். அம்மா அசையவில்லை. கடைசியில் ஒருநாள், அடிஸ்கேல் தாளத்துக்குக் கண்ணீர் வழிய வழிய அவர் பாடினார். பாட்டுச் சத்தம் என்ற இடத்தில் மட்டும் சுரம் இறங்கிப்போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"மன்னிப்பா? நடுவுல சுரம் எறங்குது, கேட்டேல்லா? அதச் சரிபண்ணணும்."

அதைச் சரிபண்ண அவளுக்கு நாள் கிடைக்கவில்லை. போன ஐப்பசியில், அடைமழை நாளில், தூக்கத்திலேயே போய்விட்டாள். புகுந்த வீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் நின்றார்கள். நான் மறுக்கவில்லை. முன்வாசல் வழியாகக் கொண்டுபோனால் சரி என்றேன். கூடத்தில் கிடத்தினார்கள். பெரியப்பாவை மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து தலைமாட்டில் நிறுத்தினான். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ராகம் போடாமல் அவருக்கு எதுவும் வராது. நீளமாக அவருக்குத் தெரிந்ததும் ஒரே ஒரு வரிதான்.

பாடினார். "சாவு வீட்டுல இந்த மனுசன் என்ன பாடுதாரு?" என்று ஒருத்தி காதைக் கடித்தாள். அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் வருந்திப் பாடினாரா, வேறு வரி தெரியாமல் பாடினாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம். பாட்டுச் சத்தம் என்ற இடத்தில் அதே மாதிரி இறங்கியது.

நான் அம்மாவின் பக்கத்திலிருந்து எழுந்து, அவருடைய இடது கையைப் பிடித்துத் தட்டினேன்.

"சுருதி சேரல பெரியப்பா. இன்னொரு தடவ."

அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.