உங்கள் ஊர் விவகாரம்

கல்யாணமாகி மயிலாப்பூர் போன முதல் வாரமே அந்த வீட்டில் எனக்கு ஒரு பெயர் விழுந்தது: மலையாளத்துப் பெண். நான் பிறந்தது நாகர்கோவிலுக்குப் பக்கம்; அப்போது அது மலையாள ராஜ்யத்தில் இருந்தது. "எனக்கு வேண்டாம், கேட்டியளா" என்று நான் சொன்னால் சமையலறையில் மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்த வீட்டில் ழகரம் ஒழுங்காக வந்தது என் ஒருத்தி வாயில்தான். அவர்கள் வாளைப்பளம் தின்றுகொண்டே என் தமிழைத் திருத்தினார்கள்.

மாமனார் ஓய்வு பெற்ற தலைமைக் குமாஸ்தா. தெருவில் இருந்த தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர். மாசம் ஒரு கூட்டம் போடுவார்கள். தமிழ் எவ்வளவு பழையது என்று ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், பிறகு போண்டா. மற்ற நாட்களில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து உலகத்தை நடத்துவார். இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரன் எங்கே கோட்டை விட்டான் என்பது பிரெஞ்சுக்காரனை விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

என் தம்பி அருமனைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். பிள்ளைகள் குறைவு என்று சொல்லி அங்கே தமிழ் வகுப்பை மூடப் பார்த்தார்கள். அவன் ரப்பர் தோட்டங்களுக்குள் நடந்து வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்தான். மலையாளத்தோடு எங்களுக்குச் சண்டை கிடையாது; அவனும் நானும் அதை நன்றாகவே பேசுவோம். அம்மா பேசும் மொழியில் பிள்ளை படிக்கட்டும் என்பதுதான் எங்கள் பேச்சு. 1954இல், தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி நடந்த ஊர்வலம் ஒன்றில் அவனும் போனான். தடியடியில் வலது கை முறிந்தது.

ஊரிலிருந்து என் சித்தப்பா மெட்ராஸுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். நான் நேராக மாமனாரிடம் போனேன்.

"மாமா, இந்த மாசக் கூட்டத்துல எங்க ஊரப் பத்தி ஒரு தீர்மானம் போடணும்."

அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூடக் குறைக்கவில்லை. "அது உங்க ஊர் விவகாரம்மா. வெளியாளுங்க நாம தலையிடறது நல்லாயிருக்காது."

"இந்தோசீனா எங்கினயாக்கும் மாமா? மயிலாப்பூர்ல இருந்து எத்தன தெரு தள்ளி?"

என் கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அதில் அவர் கெட்டிக்காரர்.

"அங்க ஒரு வகுப்ப மூடினா எங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றார் மாமனார், நிஜமாகவே புரியாமல்.

"நீங்க பெருமை பேசுத தமிழ் உங்க பீரோலயா இருக்கு? அந்தப் பிள்ளைகள் வாயில இருக்கு. அங்க ஒரு வகுப்ப மூடி, கேக்க நாதியில்லேன்னு ஆச்சுன்னா, நாளைக்கு அடுத்த ஊர்லயும் மூடுவாவ. அப்ப அந்த ஊரும் உங்களுக்கு வெளியூர்தான்."

அந்த மாசக் கூட்டத்தில் யாழின் நரம்புகளைப் பற்றிப் பேசினார்கள்.

1956 நவம்பரில் எங்கள் ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதே சங்கம் தெரு முழுக்க லட்டு கொடுத்தது. "நம்ம குமரி நமக்கு வந்துடுச்சு" என்று மாமனார் நா தழுதழுக்கப் பேசினார். அடுத்த மாசமே சங்கத்தார் ஏழெட்டுப் பேரோடு கன்னியாகுமரிக்குப் புறப்பட்டார். வழிகாட்ட நான். திடீரென்று நான் தமிழ்ப் பெண் ஆகிவிட்டேன்.

அவர்கள் கடலைப் பார்த்தார்கள், வண்ண மணலைப் பொட்டலம் கட்டிக்கொண்டார்கள், மீன் நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். தம்பி பார்க்க வந்திருந்தான். கை கோணலாகவே கூடியிருந்தது. மாமனார் அவன் தோளில் கைபோட்டு, "நம்ம வீட்டுப் பையன், போராட்டத்துல அடிபட்டவன்" என்று எல்லோரிடமும் காட்டினார், ஏதோ அவரே அனுப்பிவைத்தது மாதிரி.

தம்பி மரியாதையாகக் கேட்டான்: "வகுப்பு நடக்கு, பாத்துக்கிடுங்க. பிள்ளையளுக்கு வாசிக்கப் புஸ்தகந்தான் இல்ல. சங்கத்துல இருந்து கொஞ்சம் அனுப்புவியளா?"

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார் மாமனார். பிறகு, சூரிய அஸ்தமனம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

மறுநாள் அவர்கள் ரயிலுக்காகத் திருநெல்வேலி பஸ் ஏறினார்கள். நான் ஏறவில்லை. தை பிறக்கும்வரை தம்பி வீட்டில் இருந்தேன். காலையில் அவனோடு பள்ளிக்கூடம் போவேன். கரும்பலகையில் அவனுக்குக் கை உயரே எழாது. அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.