மச்சான் உட்கார்ந்து பேசிய நாள்

என் மச்சான், அதாவது தங்கை புருஷன், பட்டாளத்துக்காரர். அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய எங்கள் குப்பத்திலிருந்து பட்டாளத்துக்குப் போன முதல் ஆள் அவர்தான். எழுபத்தொன்றில் கிழக்கே வங்காளத்தில் நடந்த சண்டைக்குப் போனவர், பழைய ஆளாகத் திரும்பி வரவில்லை. தூக்கம் போய்விட்டது. தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்டால், கவிழ்த்து வைத்த படகுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். மனநோய் என்று பட்டாளத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊன பென்ஷன் கேட்டால், 'இது பிறவியிலேயே இருந்த கோளாறு, சண்டையால் வந்ததில்லை' என்று பதில் வந்தது.

அந்த வார்த்தைதான் என் தங்கையைச் சுட்டது. அவள் ராஜா அண்ணாமலைபுரத்தில் தெருத் தெருவாக மீன் விற்பவள். அங்கே சங்கரா என்றால் ஓடி வருவார்கள், சுறாவை யாரும் சீண்டமாட்டார்கள். சரி, அதை விடுங்கள். அப்பீல் போட்டோம். மறுபடி டாக்டர் பார்க்க வேண்டும் என்று ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மாப்பிள்ளையை அலங்கரிப்பதுபோல அவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மீசையைத் திருத்தி, சலவை உடுப்பு போட்டு, மெடல்களை மாட்டிக் கூட்டிப்போனோம். ஆபீசர் முன்னால் பரட்டைத் தலையோடு நின்றால் குப்பத்துக்கே கேவலம் இல்லையா?

டாக்டர் தமிழ் ஆள்தான். "எப்படிப்பா இருக்கே?" என்றார்.

மச்சான் விறைப்பாக சல்யூட் அடித்தார். "நல்லா கீறேன் சார்!"

டாக்டர் அதையே எழுதப் பேனாவை எடுத்தார். வாசலில் நின்ற தங்கை கத்திவிட்டாள்.

"யோவ், இன்னாயா நல்லா கீறே? படகுக்கு அடியில பூந்துக்கினு அழுதியே, அத்த சொல்லுய்யா!"

"வாய மூடும்மே. ஆபீசர் கீறாரு."

"அவராண்ட சொல்லாம கடலாண்டயா சொல்லுவே?"

"உட்காருப்பா" என்றார் டாக்டர். ஆபீசர் முன்னால் மச்சான் உட்கார்ந்ததே கிடையாது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். குண்டு விழுந்து மண் மூடியது, செத்துப்போன கூட்டாளியைக் கட்டிக்கொண்டு விடியும்வரை கிடந்தது, எல்லாவற்றையும் சொன்னார். "இன்னும் என்னைக் கூப்டுக்கினே கீறான் சார்" என்றார். எங்கள் யாரிடமும் சொல்லாத கதை. சண்டைக்குப் போனதைவிட அதைச் சொன்னதுதான் பெரிய தைரியம் என்பேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "சண்டைக்குப் போறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் பயப்படுவாரா?"

"இன்னா சார் இப்டி கேக்குறே? பொயல்ல கட்டுமரம் கவுந்தப்போ என் முடியப் புடிச்சு இழுத்துக்கினு வந்ததே இந்த ஆளுதான். பயந்தவரா இருந்தா நான் எப்டி சார் உன் எதிர்ல நிப்பேன்?"

பல மாதம் கழித்து, சண்டையால் வந்த நோய்தான் என்று ஒத்துக்கொண்டு பென்ஷன் கொடுத்தார்கள். அந்த வாரம் தங்கையோடு நானும் கூடை தூக்கிப் போயிருந்தேன். ஒரு வீட்டு அம்மா மீனைப் புரட்டிக்கொண்டே, "உன் புருஷனுக்குப் பைத்தியமாமே?" என்றாள்.

"பைத்தியம் இல்லம்மா. சண்டையில பட்ட காயம். கவர்மெண்டே ஒத்துக்கிச்சு" என்றாள் தங்கை, நிமிர்ந்து. "மீனு வோணுமா, வோணாவா?"