காணாக்கடியைக் காவல் காத்தவள்

போன திங்கட்கிழமை காலையில் என் மகள் ஜெனி பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்றாள்.

இரண்டாம் வகுப்பு. லீவு போடுகிற ரகம் இல்லை. காய்ச்சல் அடித்தால்கூட ‘அட்டென்டன்ஸ் போயிடும்’ என்று கிளம்புகிற பிள்ளை. அன்றைக்கு யூனிஃபார்ம் போட்டு, பையையும் மாட்டிக்கொண்டு, தம்பி தூங்குகிற தூளிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஏம்மா, வேன் வந்துடும். எந்திரி.”

“நான் போனா அது வந்துடும் ப்பா.”

“எது?”

கண்ணைச் சிமிட்டாமல் தூளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டப்பகல். வாசலில் வெயில் அடிக்கிறது. இருந்தாலும் என் கை ரோமம் எழுந்து நின்றது.

வாரா வாரம் உங்கள் பஞ்சர் மாமா ஏதாவது சிரிக்கச் சொல்லுவார் என்று இந்தப் பக்கத்தைத் திருப்புகிற பிள்ளைகளே... இந்த வாரம் கொஞ்சம் பயம் கலந்திருக்கும். பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

‘அது’ எங்கள் வூட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது.

என் மகன் ஆரோனுக்கு எட்டு மாதம். ஒரு நாள் சாயங்காலம், மொரப்பூர் பக்கமிருந்து ரயில் ஊதுகிற நேரம். அவன் வயிற்றில் கொசு கடித்த மாதிரி இரண்டு தடிப்பு. ‘கொசுதான்’ என்றேன். ஐந்து நிமிடத்தில் இரண்டு பத்தானது. பத்தும் ஒன்றோடொன்று சேர்ந்து, பூகோளப் புத்தகத்தில் இருக்கிற தேசப்படம் மாதிரி ஆனது. பிள்ளை கால் இரண்டையும் உதைத்து வீறிட்டான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் இருந்த தேசம் மறைந்து முதுகில் இன்னொரு தேசம் கிளம்பியது.

தடிப்பு இடம் மாறுமா? மாறியது. யாரோ சட்டைக்குள் நடக்கிற மாதிரி.

என் மனைவி ஸ்டெல்லா அவனைத் தூக்கிக்கொள்ள, பஸ் பிடித்து தர்மபுரிக்கு ஓடினோம். பக்கத்திலேயே, பத்து நிமிடத்தில், சின்ன ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. ஆனால் நமக்குத்தான் பெரிய ஆஸ்பத்திரி என்றால்தானே நம்பிக்கை? ஒரு மணி நேரம் பஸ், முக்கால் மணி நேரம் வரிசை. உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினால்...

ஒன்றுமே இல்லை. வாழைத்தண்டு மாதிரி சுத்தமான உடம்பு. பிள்ளை நர்ஸைப் பார்த்துச் சிரிக்கிறான்.

“எங்கம்மா தடிப்பு?” என்றார் டாக்டர்.

“இருந்துச்சுங்க சார். உடம்பு பூரா இருந்துச்சுங்க.”

அவர் ஒரு சிரப் எழுதிக்கொடுத்தார். நாங்கள் பொய் சொல்கிறோம் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் மெய் சொல்கிறோம் என்றும் நினைக்கவில்லை. அந்த நடுப்பார்வையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வீட்டுப்பாடம் எழுதினேன், நோட்டை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொல்லும்போது டீச்சர் பார்ப்பார்களே — அது.

அடுத்த வாரம் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை நான் உஷார். செல்போனில் டிக் டிக் என்று ஒன்பது போட்டோ எடுத்தேன். அப்புறம் உட்கார்ந்து பார்த்தால் ஒன்பதிலும் என் மகனின் கறுப்பு முதுகு பளபளவென்று இருக்கிறது. தடிப்பு ஒன்றுகூட விழவில்லை.

கண்ணுக்குத் தெரிகிறது. போட்டோவில் விழமாட்டேன் என்கிறது. பேய்தான் போட்டோவில் விழாது என்று நீங்கள் எல்லாரும் எனக்கு எழுதுவீர்களே... அன்றைக்கு எனக்கு அது ஞாபகம் வந்தது. ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை.

பக்கத்து வூட்டு ராஜம்மாக்கா வந்து பார்த்தார். பார்த்ததும் சொன்னார்: “ஏ புள்ள ஸ்டெல்லா, இதுக்கா தர்மபுரி போன? இது காணாக்கடி.”

“அப்படின்னா என்னாக்கா?”

“அதான் புள்ள... கண்ணுக்குத் தெரியாதது ஏதோ கடிச்சிடுது. பூச்சியோ பொட்டோ, யாரு கண்டா. கம்பளி வெச்சித் தேச்சா எறங்கிடும்.”

தேய்த்தார். இறங்கவில்லை. தேய்த்த இடமெல்லாம் கோடு கோடாக எழும்பியது. அக்கா பயந்துபோய், வாசல் வேம்பிலிருந்து ஒரு கொத்து ஒடித்துவந்து தூளிக் கயிற்றில் செருகினார். அங்கே ஏற்கெனவே ஸ்டெல்லா கட்டின ஜெபமாலை இருந்தது. இரண்டும் சண்டை போடாமல் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தன.

இதையெல்லாம் கதவோரம் நின்று ஜெனி கேட்டுக்கொண்டிருந்தாள். அதை நான் கவனிக்கவில்லை.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். பத்தாவதோடு படிப்பை விட்டு, வூட்டு முன்னாலேயே பஞ்சர் கடை. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் காற்றுப் போகிற இடத்தில் குமிழி வரும். குமிழி வந்த இடத்துக்கு நேரே டயரைத் தடவினால் முள் கிடைக்கும். கருவேல முள், ஆணி, பிளேடுத் துண்டு, ஏதோ ஒன்று கட்டாயம் கிடைக்கும். பதினெட்டு வருடமாக இப்படியே தேடிப் பழகின கை. கடி என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் கடிக்கிறது ஒன்று இருந்தாக வேண்டும் இல்லையா?

தேடினேன். மெத்தையைப் பிரித்து வெயிலில் போட்டேன். சோப்பை மாற்றினேன். கம்பளிப்பூச்சி ஏறுகிறது என்று முருங்கை மரத்தை அடியோடு வெட்டினேன். மரம் விழுந்த அன்றைக்குச் சாயங்காலமே ரயில் ஊதியது. தடிப்பும் வந்தது.

கடைசியில் மிச்சம் இருந்தது டியூப்.

இந்த டியூப் ரப்பர் டியூப் இல்லை. ஜெனியின் பூனை. குட்டியாக இருந்தபோது என் கடையின் பழைய டியூப் குவியலுக்குள் கிடந்தது. அதனால் அந்தப் பெயர். சாம்பல் நிறம், இடது காது நுனி கிழிந்திருக்கும். மத்தியானத்தில் தூளிக்கு நேர் கீழே படுத்துத் தூங்கும்.

தூளிக்கு நேர் கீழே! எனக்கு முள் கிடைத்துவிட்டது.

ஜெனி பள்ளியில் இருந்த நேரம் பார்த்து, பூனையைக் கூடையில் மூடி மொபெட்டில் வைத்து, பொம்மிடி மீன் கடைப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். மீன் கடை என்றால் பட்டினி கிடக்காது... அது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம்.

சாயங்காலம் ஜெனி அழவில்லை. “டியூப்தான் கடிச்சுதா ப்பா? நீங்க பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“அதான் காணாக்கடின்னு சொன்னாங்கல்ல? கண்ணுல தெரியாது.”

“ஓ” என்றாள்.

மூன்றாம் நாள் தடிப்பு வந்தது. பூனை இல்லாமலேயே.

அந்த ‘ஓ’வுக்கு அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவள் கணக்கு ரொம்ப நேரானது. காணாக்கடி — யாரும் காணாதபோது கடிக்கிறது. அப்படியானால் யாராவது கண்டுகொண்டே இருந்தால்?

சனிக்கிழமை முழுக்க தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். தடிப்பு வரவில்லை. ஞாயிறு பூசைக்குப் போன நேரத்திலும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. திங்கட்கிழமைதான் நான் முதலில் சொன்ன கதை.

நியாயமாக நான் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் வேனில் ஏற்றியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? “சரி, இன்னிக்கு மட்டும்” என்றேன்.

ஏன்? பிள்ளைகளிடம் மறைக்கக்கூடாது. நானும் பாதி நம்பிவிட்டேன்.

திங்கள் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. ஜெனியின் கண் இரண்டும் மிளகாய்ப்பொடி பட்டது போல ஆகிவிட்டது. சோற்றை ஸ்டெல்லா ஊட்டினாள், இவள் பார்வையை எடுக்காமல் வாயை மட்டும் திறந்தாள்.

“ஏங்க, பெத்த ரெண்டுல ஒண்ணுக்குத் தடிப்பு. இன்னொண்ணுக்கு இது என்னாங்க?” என்றாள் ஸ்டெல்லா. எனக்கு நாலு நாளாகத் தடிப்பு வரவில்லை என்பது மட்டும் தெரியும். அது எப்படி? ஒருவேளை உண்மையிலேயே ஏதோ ஒன்று ஜெனியின் கண்ணுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நின்று, அவள் எப்போது திரும்புவாள் என்று...

புதன்கிழமை. ஆரோனைப் பாயில் போட்டு, சட்டை இல்லாமல் காற்றாட விட்டிருந்தோம். நான் வெளியே ஒரு பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ரயில் ஊதியது.

“ப்பா.”

கத்தவில்லை. மெதுவாகத்தான் கூப்பிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உள்ளே போனேன். ஆரோன் நெஞ்சில் ஒன்று, தோளில் ஒன்று. மூன்றாவது நான் பார்க்கும்போதே எழும்பியது. ஜெனி உட்கார்ந்த இடத்தில் அசையவில்லை.

“நான் சிமிட்டலப்பா. சத்தியமா சிமிட்டல.”

அப்போதுதான் பார்த்தேன், பிள்ளையின் மேலுதடு வீங்கிக்கொண்டிருந்தது. இது வரைக்கும் உதடு வீங்கினதில்லை. தர்மபுரியும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம் என்று ராஜம்மாக்கா மகனின் ஆட்டோவில் ஏறினோம். பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி. பத்தே நிமிடம். சுற்றியிருந்த துண்டை விலக்கியபோது, முதல் தடவையாக, ‘அது’ ஓடிப்போகாமல் அங்கேயே இருந்தது.

டாக்டரம்மா உடனே ஊசி போட்டார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சைக் கேட்டார், மறுபடியும் கேட்டார். உதடு இறங்கும்வரை எங்களை அனுப்பவில்லை. அப்புறம் சாவகாசமாகக் கேட்டார்: “எப்படி ஆரம்பிச்சதுன்னு யாராச்சும் பாத்தீங்களா?”

நாங்கள் இருவரும் ஜெனியைப் பார்த்தோம்.

“நான் பாத்தேன் மிஸ்.” அவளுக்கு டாக்டரும் மிஸ்தான்.

“கொசு, எறும்பு ஏதாச்சும் வந்துச்சா கண்ணு?”

“எதுவும் வரல மிஸ். யாரும் கடிக்கல. உள்ளருந்து யாரோ வெரல வெச்சித் தள்ற மாதிரி வந்துச்சு. மொதல்ல குட்டியா. அப்புறம் பெருசா.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். “இத்தனை வருஷத்துல இவ்வளவு சரியா யாரும் எங்கிட்ட சொன்னதில்ல” என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்குச் சொல்கிறேன். வெளியே இருந்து எதுவும் கடிக்க வேண்டியதில்லை. உடம்பு தானாகவே ‘எதிரி வந்துட்டான்’ என்று மணி அடிக்கிறது. அதுதான் தடிப்பு. சில மணி நேரத்தில் சுவடே இல்லாமல் போய்விடும். அதுதான் அதன் வழக்கம். நாலு நாள் வராமல் ஐந்தாம் நாள் வருவதும் வழக்கம்தான். சில பிள்ளைகளுக்குக் காரணம் கிடைக்கும் — ஒரு சாப்பாடு, ஒரு மருந்து, ஒரு காய்ச்சல். பல பிள்ளைகளுக்குக் கிடைக்காமலேயே போகும். பெரும்பாலும் நாளாவட்டத்தில் தானே நின்றுவிடும். கம்பளி வைத்துத் தேய்க்கக்கூடாது. போட்டோ எடுத்தால் ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுக்க வேண்டும். கறுத்த தோலில் அப்போதுதான் மேடு தெரியும்.

“ஆனா உதடு, கண்ணு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, வாந்தியா எடுத்துத் துவண்டாலோ ஒரு நிமிஷம் நிக்காதீங்க. இன்னிக்கு வந்த மாதிரி வந்துடணும்.”

“காரணம் என்னான்னு கண்டுபுடிச்சிடலாங்களா மேடம்?” என்றேன்.

“தேடலாங்க. கெடைக்கலாம், கெடைக்காமயும் போலாம்.”

எனக்கு அப்போது என் கடை ஞாபகம் வந்தது. சில டியூப் உண்டு. தண்ணீரில் முக்கினால் ஒரு குமிழி வராது. ஆனால் விடிந்தால் காற்று இருக்காது. முள் இல்லை, ஆணி இல்லை. ‘ஒண்ணும் இல்லீங்க’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கொண்டுவந்தவர்களை எந்தப் பார்வை பார்த்து அனுப்பினேனோ, அதே பார்வையைத்தான் தர்மபுரியில் நான் வாங்கினேன்.

ஆரோன் நன்றாக இருக்கிறான். நேற்றுகூடத் தொடையில் இரண்டு வந்து, மருந்துக்கு அடங்கிப் போனது. யார் அனுப்பியது, எதற்கு வந்தது — இன்றைக்கும் தெரியாது. அது தெரியாமலேயே பக்கத்தில் படுத்துத் தூங்கப் பழகிக்கொண்டிருக்கிறோம். ஜெனி பள்ளிக்கூடம் போகிறாள்.

ஆனால் அன்றைக்கு ஆட்டோவில் திரும்பும்போது, தம்பி என் மடியில் தூங்க, நாலு நாளுக்குப் பிறகு முதல் தடவையாகக் கண்ணை மூடிக்கொண்டே அவள் ஒன்று கேட்டாள்.

“அப்போ டியூப் கடிக்கல. இல்ல ப்பா?”

கடி என்று பெயர் வைத்துவிட்டதால் கடித்தவனைத் தேடினேன். கிடைக்காதபோது, கைக்கு எட்டினவனைப் பிடித்துக் கூடையில் போட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொம்மிடி போனேன். மீன் கடைக்கார அம்மா யோசித்துச் சொன்னார்: “காது கிழிஞ்சதுதானுங்க? இங்கதான் சுத்திட்டு இருந்துச்சு. நாலு நாளா காணோம்.”

பொம்மிடிப் பக்கம் இருக்கிற பிள்ளைகளே... இடது காது நுனி கிழிந்த ஒரு சாம்பல் பூனையைப் பார்த்தால், அது கடிக்கவில்லை என்று எங்களுக்குத் தெரிந்துபோனதை மட்டும் அதனிடம் சொல்லிவிடுங்கள்.