காலித் தொட்டி, ஓடுகிற குழாய்

திண்டுக்கல் ரோட்டில், பரவையைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தில் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்காது. குழாய்களோடு பேச வேண்டியதில்லை என்பதால் இந்த வேலை எனக்குத் தோதாக இருந்தது.

மண்டபத்தில் தீப்பிடித்தால் அணைக்க, மாடி வரைக்கும் தனியாக ஒரு பெரிய இரும்புக் குழாய் போகிறது. அதில் தண்ணீர் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும். திறந்தால் கடுங்காப்பி நிறத்தில் துருவாடையோடு வரும். அந்தக் குழாய்க்கும் சமையல் கட்டுக்கும் தண்ணீர் ஒரே மேல்தொட்டியிலிருந்துதான் பிரிகிறது. பிரிகிற இடத்தில் ஒரு வால்வு உண்டு. உள்ளே இருக்கும் தட்டு தண்ணீரைத் தீயணைப்புக் குழாய்க்குள் போகவிடும், திரும்பி வரவிடாது.

போன வைகாசியில் ஒரு கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் மானேஜர் என்னைக் கூப்பிட்டார். சமையல் கட்டில் குழாயைத் திறந்து மூடும்போதெல்லாம் அந்தத் தட்டு டொக் டொக்கென்று அடிக்கிறதாம். வால்வு இருந்தது மாப்பிள்ளை அறைச் சுவருக்குப் பின்னால்.

"நல்ல காரியம் பேசுற எடத்துல, யாரோ செவுத்துல தட்டுற மாதிரி இருக்குங்கிறாங்கண்ணே. ஒரு நாளைக்குத்தானே, சத்தத்தை நிறுத்துங்க" என்றார்.

தட்டைக் கழற்றினால்தான் சத்தம் நிற்கும். அது கூடாது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. இரண்டு பக்கமும் அடைத்துத் தட்டைக் கழற்றினேன். அடைத்தபடியே விட்டால் தீப்பிடிக்கிறபோது தண்ணீர் இருக்காதே என்று மறுபடி திறந்துவிட்டேன். மேல்தொட்டி நிறைந்திருந்தால் அந்தத் துருத் தண்ணீர் சமையல் கட்டுக்கு இறங்காது, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

விடிந்ததும் மேலே போய்ப் பார்த்தேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் குளித்தே தொட்டியைக் காலி செய்திருந்தார்கள். அடியில் ஈரம்தான் இருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். சமையல் கட்டுக் குழாயிலோ தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. காலித் தொட்டியிலிருந்து எப்படி வரும்? ஒரு டம்ளரில் பிடித்தேன். அடியில் பழுப்பாகப் படிந்தது.

சாம்பார் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. சமையல் மாஸ்டர் பெரிய ஆள், பெரிய குரல்.

"மாஸ்டர், இதைக் கொட்டணும்" என்றேன்.

"என்னப்பா முணுமுணுக்கிற? காப்பி வேணுமா?"

அண்டாப் பக்கம் போனேன். குனிந்து கேஸை அணைத்துவிட்டேன்.

"யோவ், கிறுக்குப் பிடிச்சிருக்கா? முகூர்த்தம் முடிஞ்சதும் பந்தி. நீ வந்து சமைப்பியா?"

"தீயணைக்கிற பைப்புத் தண்ணி எறங்கிருச்சுண்ணே. குடிக்க ஆகாத தண்ணி. தடுக்கிற தட்டை நேத்து நாந்தான் கழட்டினேன்."

அவர் டம்ளரை வாங்கி முகர்ந்தார். "அதானே, இம்புட்டுப் பெருங்காயம் போட்டும் என்னமோ வாடை அடிக்குதேன்னு பார்த்தேன்."

சத்தம் கேட்டு மானேஜர் வந்தார். "எதுக்குண்ணே ஊரைக் கூட்டுறீங்க? கொதிச்சா எல்லாம் செத்துரும்."

"துரு சாகுமாய்யா?" என்றார் மாஸ்டர். சாம்பார், உலையில் கிடந்த அரிசி, ஊறவைத்த பருப்பு எல்லாம் சாக்கடைக்குப் போயின. பெண்ணின் அப்பா வந்து நின்றார். அவரிடமும் நானே சொன்னேன். அவர் உடனே பரவைக்கு வேனை அனுப்பித் தண்ணீர் கேன்களும் சாமான்களும் கொண்டுவரச் சொன்னார்.

பந்தி ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குள் நான் தட்டை மாட்டி, எல்லாக் குழாயையும் திறந்து ஓடவிட்டேன். தண்ணீர் தெளிந்துவிட்டது. இரண்டாம் பந்திக்குள் கேன்கள் தீரும் நிலை. மாஸ்டர் குழாயடிக்கு வந்தார்.

"இப்பக் கண்ணாடி மாதிரி வருதே. நீ ஒரு டம்ளர் குடிச்சுக் காமி, நான் எடுத்துக்கிறேன்."

"நான் குடிச்சுட்டா நல்ல தண்ணி ஆயிராதுண்ணே. தொட்டியையும் பைப்பையும் மருந்து போட்டுக் கழுவணும். இன்னைக்கு வேணாம்."

அவர் இன்னும் முப்பது கேன் சொல்லச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

கடைசிப் பந்தி எழும் வரை குழாயடியிலேயே நின்றேன். செம்போடு வந்தவர்களிடம், ஒருவர் விடாமல், இந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சிலர் ஏன் என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன்.