அப்பா பிளாஸ்டிக் ஒட்டிய சீட்டு

பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு அன்றைக்கு ஒரு குடும்பச் சீட்டு கொடுத்தார்கள். எங்கள் சீட்டில் தாத்தா பெயர், அதற்குக் கீழே ஐந்து வயதுப் பையனாக அப்பா, ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும்படி அழுத்திய அரசாங்க முத்திரை. திருத்தங்கல் பக்கம் காலனியில் வீடு கொடுத்தார்களே தவிர, பட்டா கொடுக்கவில்லை. நாங்கள் அங்கே இருப்பதற்கு அந்தச் சீட்டுதான் ஆதாரம்.

அப்பாவுக்கு அச்சாபீசில் லேமினேஷன் வேலை. காலண்டர் அட்டைக்குப் பிளாஸ்டிக் ஒட்டுவது போதாதென்று ரேஷன் கார்டு, சாமி படம், கரண்ட் பில் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டிவிடுவார்.

"என்னையும் ஒட்டிருங்க, சுருக்கம் விழாம இருப்பேன்" என்று அம்மா கேலி செய்வாள்.

மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த குடும்பச் சீட்டையும் ஒருநாள் ஒட்டிக்கொண்டு வந்தார். பளபளவென்று இருந்தது. எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, அசல் சீட்டு இருப்பவர்களுக்குப் பட்டா, மற்றவர்கள் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்று அறிவித்தார்கள். அப்பாவோடு மகள் நானும் போனேன். அதிகாரி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முத்திரையத் தடவிப் பாக்கணும். இதுல எங்கன தடவ? சிவகாசியில அச்சடிக்க முடியாதது எதாச்சும் இருக்கா? பிளாஸ்டிக்கப் பிரிச்சுக் கொண்டாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அப்பா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார்.

அச்சாபீசில் சூடு காட்டி, பிளேடால் ஓரத்தைக் கிளப்பி, மெதுவாகத்தான் உரித்தார். மை முழுக்க பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. முத்திரை இருந்த இடம் துண்டு துண்டாகக் கிழிந்தது. அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கட்டும்னுதான் ஆத்தா செஞ்சேன்."

அதற்குப் பிறகு எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் எடுபடவில்லை. எத்தனையோ தடவை அலைந்தோம். பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டை எலி கடித்து ஒரு மூலையே இல்லை. ஆனால் முத்திரை விரலுக்குத் தட்டுப்பட்டது. அவருக்குப் பட்டா வந்துவிட்டது. அவர் நல்ல மனுஷர்தான், இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது.

நாங்கள் வீட்டைக் காலிசெய்த அன்று வண்டியில் சாமான் ஏற்ற அவரும் கைகொடுத்தார். எல்லாம் ஏற்றியபின் தயங்கித் தயங்கி மடியிலிருந்து பட்டாவை எடுத்தார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. இத மட்டும் உங்க கையால ஒட்டிக் குடுங்க."

அப்பா அதை வாங்கிப் பார்த்தார். மடிப்பை நீவிவிட்டு, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி. எலி கடிச்சாலும் கடிக்கட்டும். அப்படியே வச்சிருங்க."