கடல் பக்கக் கதவு

"ஏளா, மூடை தூக்குதவன் மவ நீ. ஃபயர் ஆபீசர்ட்ட என்னத்தப் பேசிருவ?"

கிட்டங்கி மேஸ்திரி அப்படிக் கேட்டபோது, பக்கத்தில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சுமை தூக்கும் அதே சரக்குக் கிட்டங்கியில் எழுத்து வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மருந்துக்காகக் கப்பலேறும் நிலாவரை இலை அங்கே கூரை முட்ட அடுக்கியிருக்கும். காய்ந்த இலை, ஒரு பொறி போதும். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றைப் புதுப்பிக்காவிட்டால் எல்லாருக்கும் வேலை நின்றுபோகும் என்று முதலாளி அதற்கான ஃபைலை என்னிடம் கொடுத்திருந்தார்.

விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய கிட்டங்கி வரைபடத்தை நானே போட்டேன். கடல் பக்கச் சுவரில் வெளியே இருந்து ஓர் இரும்புக் கதவு தெரியும். அதை 'அவசர வழி' என்று சிவப்பு மையில் எழுதினேன். அப்பாவிடம் காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்து ஏதோ சொல்ல வந்தவர், படித்த பிள்ளை போட்டது சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி, "இந்தக் கதவைத் திறந்து காட்டுங்கம்மா" என்றார்.

திறக்க முடியவில்லை. உள்ளே அதை மறைத்து மூட்டைகள். கடல் காற்று பட்டால் இலை நமுத்துக் கறுத்துவிடும் என்று, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தக் கதவை அடைத்துத்தான் அடுக்குவார்களாம். எனக்கு மட்டும்தான் தெரியாது. அதிகாரி கோபப்படவில்லை. கதவு உள்ளிருந்து ஒரு கையால் திறக்கும்படி இருக்க வேண்டும், அதன் முன்னே வழி வேண்டும், சுவருக்கும் அடுக்குக்கும் இடைவெளி வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனார்.

மேஸ்திரி முடியவே முடியாது என்றார். இலை கறுத்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். நான் சட்டம் பேசவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஸ்திரியும் சுமைக்காரர்களும் அந்தக் கதவுப் பக்க மூலையில்தான், அடுக்குகளுக்கு நடுவே கண்ணயர்வார்கள்.

"மாமா, நீங்க அங்கன படுத்திருக்கையில முன்வாசல்ல தீப்பிடிச்சா எப்படி வெளிய வருவீங்க?"

மேஸ்திரி அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் அப்பா முதல் மூட்டையைத் தோளில் ஏற்றியிருந்தார்.

கதவை மறைத்த மூட்டைகளை இரண்டு நாள் சுமந்து இடம் மாற்றினார்கள். மேஸ்திரியே திரேஸ்புரத்திலிருந்து தனக்குத் தெரிந்த படகுத் தச்சர் ஒருவரைக் கூட்டிவந்து, காற்று நுழையாதபடி கதவைச் சுற்றிப் பழைய டியூப் ரப்பரை அடிக்கவைத்தார். தரையில் நான் மஞ்சள் கோடு போட்டேன். இப்போது எவர் மூட்டையாவது அதைத் தொட்டால், "தள்ளி வைலே, புள்ள அளந்து போட்டிருக்கு" என்று மேஸ்திரியின் குரல்தான் முதலில் வரும்.

அதிகாரி மறுபடி வந்தபோது கேட்டதற்கெல்லாம் மேஸ்திரி என்னைக் கைகாட்டினார். கதவை அப்பா ஒரு கையால் தள்ளினார். கடல் தெரிந்தது.

சான்று ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறது. என் தவற்றை ஒருவர்கூடச் சொல்லிக் காட்டாமல், சுமந்தே திருத்திக் கொடுத்தார்கள். அந்தச் சான்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தோள்கள்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

பக்கத்துக் கிட்டங்கிக்கும் வரைபடம் போட்டுத் தரச் சொன்னார்கள். இன்று காலை போனேன். பின்கதவைத் திறக்கச் சொல்லிவிட்டுத்தான் காகிதத்தை விரித்தேன். அப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று சொல்லி, அளக்கும் டேப்பின் மறுமுனையை அவர் கையில் கொடுத்தேன்.